மாடிக் கூடம் யாருடையது?



நமது கிளை நூலகத்தின் மாடிக் கூடத்தில் மாதர் சங்கமும், முதியோர் எழுத்து வகுப்பும், கண் பார்வையற்றோருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டும் இளைஞர் குழுவும் மாலை வேளைகளில் கூடுவதற்கு அனுமதி கேட்டபோது, நூலகம் படிப்பவர்களுக்கே உரியது, கூடிப் பேச விரும்புகிறவர்கள் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இவ்வூர்ப் பெரிய மனிதர் சிலர் அபிப்பிராயம் சொன்னார்கள். அவர்கள் ஒரு முறையேனும் படியேறிப் பார்த்திருந்தால், அக்கூடத்தில் இப்போது வாசம் செய்வது கால் ஒடிந்த நாற்காலிகளும், கட்டுப் பிரிக்காத பழைய பத்திரிகைகளும், அவற்றின்மேல் குடித்தனம் நடத்தும் புறாக்களுமே என்பதைக் கண்டிருப்பார்கள். புறாக்கள் யாரிடம் அனுமதி பெற்றன என்று நான் கேட்கவில்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன். 1948ஆம் ஆண்டில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், சீர்காழி தந்த நூலக மேதை இரங்கநாதன் அவர்களின் நெடுநாள் விடாமுயற்சியின் பயனாகச் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், கட்டடம் எழுப்பவும் புத்தகம் வாங்கவும் நூலக ஆணைக்குழுவுக்கு அதிகாரம் அளித்ததோடு நில்லாமல், பிரசங்கங்களுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யும் அதிகாரத்தையும் சேர்த்தே அளித்திருக்கிறது. அச்சட்டப்படி சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியை, வீட்டுக்காரர் கையால் கட்டினாலும் வாடகையில் வைத்துக் கொடுப்பவர் யார்? எழுத்தறியாத கிழவியும் அந்தக் குடியிருப்பில்தானே இருக்கிறாள்!

கீழே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் அமைதி கெடும் என்கிறார்கள். அது நியாயமான கவலை. மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம், தீர்ந்தது. ஆனால், 1931இலேயே மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமந்தோறும் ஜனங்களைத் தேடிச் சென்ற நாட்டில், தாமாகத் தேடி வந்த ஜனங்களைப் படிக்கட்டிலேயே நிறுத்திவைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆகவே, மாடிக் கூடத்தைத் திறந்துவிடக் கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதி மேடைக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறோம். எல்லோரும் கையொப்பமிட்டுவிட்டுப் போக வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. அவர்களுடைய கைநாட்டே முதலில் விழட்டும்.