மருந்துக்குத் தப்பும் செல்கள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் புற்றுநோய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், முதல்ல கேட்ட மாத்திரை அப்புறம் கேக்கலைன்னா, சரியா சாப்பிடலைன்னு அர்த்தமா?" என்றாள். "சடுதிமாற்றம் நடந்திருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவளுடைய அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். மீதியைத் தேடியபோது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஒரு சோதனை கண்ணில் பட்டது. நுரையீரல் புற்றுச்செல்களை வளர்தட்டில் வளர்த்து, அவற்றைக் குறிவைத்துத் தாக்கும் மருந்தை மிக அதிக அளவில் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லாமே மடிந்தன. ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவில் சில மட்டும், பெரும்பாலும் பிரியாமல் அடங்கிக் கிடந்து பிழைத்தன.

இது சடுதிமாற்றம் என்றால் அந்தத் திறன் வழிவழியாக நிலைக்க வேண்டும் அல்லவா? மருந்தை நீக்கிப் பெருகவிட்டார்கள். மறுபடி அதே மருந்தைக் கொடுத்ததும் அவை முன்போலவே மடிந்தன! டி.என்.ஏ.வின் எழுத்து மாறவில்லை; செல்லின் நிலைதான் மாறியிருந்தது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் வேதி மாற்றங்களால் சில ஜீன்கள் திறக்கின்றன, சில மூடுகின்றன. நம் தோல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தானே என்று தொடங்கினால் மாணவர்களுக்கு எளிதில் புரியும். ஒன்று மட்டும்: 'செல் ஒளிந்துகொள்ள முடிவெடுக்கிறது' என்று சொல்லாதீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். செல் முடிவெடுப்பதில்லை.

இப்படி அடங்கிக் கிடக்கும் செல்கள் நாளைக் கடத்துகின்றன. அந்த இடைவெளியில் உண்மையான சடுதிமாற்றமும் நிகழ்ந்து, எதிர்ப்பு நிலைத்துவிடலாம். சில நோயாளிகளில் கட்டியின் வகையே சிறுசெல் புற்றாக மாறிவிடுவதும் உண்டு. அதனால்தான் மருந்து கேட்காதபோது மருத்துவர்கள் மீண்டும் திசு எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்த மாணவியை அழைத்து, வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டாலும் இப்படி நடக்கும் என்று படம் வரைந்து விளக்கினேன். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தினமும் நான்தான் டீச்சர் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன்" என்றாள்.