பையனின் கேம் மெஷின் கம்ப்யூட்டர் ஆகுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு கடன் மனு வந்தது. மகள் பி.ஏ. தமிழ் சேர்ந்திருக்கிறாள், மடிக்கணினி வாங்க 40,000 ரூபாய் வேண்டும் என்று. மனு எழுதும்போதே அந்த அக்கா இன்னொன்றும் கேட்டார். "வீட்டுல பையன் ஒரு கேம் மெஷின் வச்சிருக்கான். அவன் மாமா வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்தது. இதுவே கம்ப்யூட்டர்தாம்மா, அக்காவுக்கு இதுவே போதும்ங்கிறான். கேம் ஆடறதுக்காகக் கதை விடறானா?" எல்லாரும் சிரித்தோம். ஆனால் பையன் சொன்னது உண்மை.

அவன் கையில் இருப்பது ஸ்டீம் டெக். அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் 7 அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான். பார்த்தால் விளையாட்டுச் சாமான்தான். உள்ளே இருப்பதோ கம்ப்யூட்டரில் இருக்கும் அதே வகைச் சில்லு, 16 ஜிபி நினைவகம். நம்ம அலுவலகக் கம்ப்யூட்டரில் 4 ஜிபிதான் இருக்கு, அதுலதான் நான் மூணு வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்!

ஸ்டீம் என்று எழுதிய பொத்தானை அழுத்தி, பவர் என்ற இடத்துக்குப் போனால் 'ஸ்விட்ச் டு டெஸ்க்டாப்' என்று வரும். அதைத் தொட்டால் கேம் மறைந்து சாதாரண கம்ப்யூட்டர் திரை வந்துவிடும். இது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பயப்பட வேண்டாம். சென்னை சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இதே குடும்பம்தான். டிஸ்கவர் என்ற கடை அதிலேயே இருக்கும். அங்கே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் இரண்டையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கடிதம், அட்டவணைக் கணக்கு, இணையம் எல்லாம் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையும் அமைப்புக்குள்ளே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும்.

எல்லா கேம் மெஷினும் இப்படி இல்லை, இதைக் கவனிக்கணும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்று 2017-ல் வந்த ஒன்று உண்டு. அதையும் டிவியில் மாட்டலாம், ஆனால் கேம் மட்டும்தான். கம்பெனிக்காரன் அப்படிப் பூட்டி வைத்திருக்கிறான். திருவிழாக் கடையில் விற்கிற வீடியோ கேமைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

7 அங்குலத் திரையில் நாள் முழுக்க எழுதினால் கண் போய்விடும். கீபோர்டு, மவுஸ், டிவி மூன்றும் வேணும். இவற்றை மாட்ட மெஷினில் யு.எஸ்.பி. துளை ஒன்றுதான், சார்ஜ் போடுகிற துளை. அதில் ஹப் என்ற சின்னப் பெட்டியைச் செருகி, ஹப்பில் மற்ற எல்லாவற்றையும் செருக வேண்டும். சார்ஜரும் உள்ளே போகிற மாதிரி இடம் உள்ள ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பாதி வேலையில் பேட்டரி தீர்ந்துவிடும். போன் சார்ஜர் பத்தாது, அதனோடு வந்த 45 வாட் சார்ஜரே வேணும். டிவியில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கணும். 2006-லிருந்து அரசு கொடுத்த இலவச கலர் டிவி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. பாவம், அது இதுக்கு ஆகாது.

எனக்கு இதில் பிடித்தது பேட்டரிதான். கரண்ட் போனால் டிவி அணையும், எழுதிக்கொண்டிருந்தது அணையாது. யு.பி.எஸ். தனியாக வேண்டாம். மெஷினின் சின்னத் திரையிலேயே பார்த்து முடித்துவிடலாம். நம்ம ஊருக்கு இது பெரிய வசதி.

இனி ஆகாததைச் சொல்கிறேன். கேமரா கிடையாது. ஆன்லைன் வகுப்பில் முகம் காட்டணும் என்றால் போன்தான். டாலி விண்டோசுக்கானது, இதில் அப்படியே ஏறாது. அந்தப் பெண் பி.காம். சேர்ந்திருந்தால், மனுவை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைத் திறந்தால் கிறுக்கல் மாதிரி தெரியும், யூனிகோடு என்றால் சிக்கல் இல்லை. பிரிண்டர் சேர்ப்பதும் தொல்லை. பி.டி.எஃப். ஆக்கிப் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்வதே சுலபம்.

இப்போது பணத்துக்கு வருவோம். 40,000 ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், மாதம் 2,000 அசலாக 20 மாதம் கட்டினால், வட்டி மட்டும் 4,200 ரூபாய். டிவி ஏற்கெனவே இருப்பதால் அவருக்குத் தேவை ஹப், கீபோர்டு, மவுஸ். நாங்கள் டவுனில் விசாரித்ததில் எல்லாம் சேர்த்து 3,500-க்குள் வந்தது. கட்டப்போகிற வட்டியை விடக் குறைவு! அக்கா மனுவைத் திருத்திக் கொடுத்துவிட்டார்.

ஆனால் நான் ஒரு நிபந்தனை கேட்டேன். மெஷின் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. இப்படி வந்தால் நம்ம வீடுகளில் விட்டுக்கொடுக்கிறவள் யார் என்று உங்களுக்கே தெரியும். மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை மகளுக்கு என்று பேசி, பையனும் ஒத்துக்கொண்டான். நாளைக்கு அவன் ஹாஸ்டலுக்குப் போகும்போது மெஷினையும் தூக்கிக்கொண்டு போனால், அன்றைக்கு மடிக்கணினிக் கடன் கொடுக்க இந்தக் கூட்டமைப்பு தயாராக இருக்கணும். அதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் புதிதாக இந்த மெஷின் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். விண்டோஸ் உள்ள ஏசுஸ் ராக் அல்லை 2023-ல் நம் நாட்டில் கிட்டத்தட்ட 70,000 ரூபாய்க்கு வந்தது. கணக்கு எழுத அவ்வளவு காசு எதுக்கு? வீட்டில் சும்மா கிடக்கிறதா, எடுத்துப் பயன்படுத்துங்கள். அவ்வளவுதான்.

குழுக் கணக்கை இதில் ஏற்றலாமா என்று பிரதிநிதிகள் கேட்டிருந்தீர்கள். ஏற்றலாம். ஆனால் மெஷினை எடுக்கிற யாரும் கோப்பைத் திறக்கலாம், கேமுக்கு இடம் பத்தலைன்னு அழிச்சும் விடலாம். வாரா வாரம் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து ஊக்குநரிடம் கொடுங்கள். ரொக்கப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் கையால் எழுதுவது நிற்கக் கூடாது. வங்கியில் கையெழுத்துப் போட்ட புத்தகத்தைத்தான் கேட்பார்கள்.

அந்த மெஷினை இன்றைக்குக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு வாருங்கள், இந்த டிவியிலேயே மாட்டிக் காட்டுகிறேன்.