பளிங்கின் முகமும் மின்னணுவின் வழியும்

(திருவரங்கத்தில் தமிழன்பரிடையே நிகழ்ந்த பொழிவின் எழுத்துவடிவம்)



அறிவியலின் நுண்பொருளைத் தமிழில் சொல்ல ஒண்ணாது என்பார் இன்றும் உளர். வயிரம் முதலிய பளிங்குகளை ஆய்ந்த இராமன் 1888இல் பிறந்தது இத் திருச்சிராப்பள்ளி மண்ணிலேதான். இம் மண்ணிலேயே அன்னார் கூற்றை உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

காவிரிக் களிமண்ணால் ஆறு முகமும் ஒத்த கட்டியொன்று செய்க. ஒரு முகத்துக்கு இணையாக அறுத்தால் வெட்டுவாய் சதுரம். எதிரெதிர் விளிம்புகளின் ஊடே சாய்வாக அறுத்தால் செவ்வகம். மூலையைச் சீவினால் முக்கோணம். சதுரத்தைக் கால்வட்டம் திருப்பினும் முன்போலவே தோன்றும். செவ்வகமோ அரைவட்டம் திருப்பினாலன்றி அவ்வாறு தோன்றாது. திருப்பியும் மாறாத் தோற்றமே சீர்மை. கட்டி ஒன்றே, அறுத்த முகத்தால் சீர்மை வேறாயிற்று.

இசுட்ரான்சியம் தைத்தானேட்டு என்னும் உயிர்வளிச் சேர்மத்தின் அணுவடுக்கும் இத்தகைய கட்டியே. அது மின்சாரம் கடத்தாது. அதன்மேல், தானும் கடத்தாத இலாந்தனம் அலுமினேட்டை மென்படிவாக ஏற்றியபோது, இரண்டும் கூடும் எல்லையில் மின்னணுக்கள் எளிதில் ஓடக் கண்டனர் ஓட்டோமோ, உவாங் என்னும் அறிஞர் இருவர். ஆண்டு 2004. அவர்கள் எடுத்தது சதுர முகம்.

2013இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் திருமலை வெங்கடேசன் உள்ளிட்ட குழுவினர் செவ்வக முகத்தை எடுத்து ஆய்ந்து வெளியிட்டனர். சதுர முகத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒத்து ஓடும் மின்னணு, இங்கே ஒரு பக்கமாக எளிதாகவும் மறு பக்கமாக இடர்ப்பட்டும் ஓடிற்று. ஏன்? ஒரு பக்கமாகப் பார்த்தால் தைத்தானிய அணுவும் உயிர்வளி அணுவும் மாறிமாறி நேர்க்கோட்டில் நிற்கின்றன. மறு பக்கமாகப் பார்த்தால் வளைந்து வளைந்து மடிகின்றன. திருவரங்கத்துச் சித்திரைத் தேர் நேர்த்தெருவில் விரைந்து ஓடித் தெருமுனையில் தயங்குவதைக் காணாதார் யார்?

புதுப்பொருள் எதுவும் சேர்க்கவில்லை. முகத்தைத் தெரிந்தெடுத்ததே போதும். ஓட்டத்தின் இயல்பு மாறிற்று. மின்னணுக் கருவி செய்வார்க்கு இது பெருங்கொடை.

இனி எண்ணிப் பாருங்கள். இவ்வளவிலும் கடனாக வந்தவற்றுள் மாழைகளின் பெயரும் சேர்மங்களின் பெயரும் ஆட்பெயரும் உண்டு. பெயரைப் பெயராக ஏற்றல் இழுக்கன்று. அடுக்கு, எல்லை, படிவு, ஓட்டம், சீர்மை எனக் கருத்தைச் சுமந்த சொற்களோ தமிழ். குறை மொழியில் இல்லை, முயலாமையில் இருக்கிறது. கல்லூரி வாயிலில் தாய்மொழியைக் கழற்றிவைத்து உள்ளே செல்லும் நிலை நம் பிள்ளைகளுக்கு இனி வேண்டா. இன்றிரவே ஒரு களிமண் கட்டியை அறுத்து, அவர்களுக்குத் தமிழில் விளக்குங்கள்.

வெல்க தமிழ்!