கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஊசி



களமருதூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பையனுக்கு லேசான காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பாகத் தடிப்பு. சில நாளில் ஓடி விளையாடுவான். ஆனால் அதே வீட்டில் இரண்டு மாதக் கர்ப்பிணி இருந்தால்? அங்கேதான் கவலை.

அது ருபெல்லாவாக இருக்கலாம். தாய்க்கு அது சின்ன நோய். வயிற்றுப் பிள்ளைக்குச் சின்ன நோய் இல்லை. முதல் மூன்று மாதத்தில் தாய்க்குத் தொற்றினால், பிள்ளை கண்புரையோடு பிறக்கலாம். காது கேட்காமல் போகலாம். இதயத்தில் கோளாறு வரலாம். கருவே கலையலாம்.

இதை 1941-இல் முதலில் எடுத்துச் சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் சொன்னதை அக்கறையோடு கேட்டார். அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்தக் காய்ச்சல் வந்திருந்தது. தாய்மார் பேச்சைக் கேட்ட டாக்டர், எவ்வளவு பெரிய விஷயம்!

இன்று தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி இருக்கிறது. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டார்களே, அதேதான். குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது.

ஒன்றை மறக்காதீர்கள். கர்ப்பமான பிறகு இந்த ஊசி போடக்கூடாது. முன்னாலேயே போட வேண்டும். விதைக்கும் முன்பே வேலி கட்டுகிறோமே, அதுபோல. போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கல்வராயன் மலையில் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களே, வீட்டில் கல்யாணம் நிச்சயமான பெண் இருக்கிறாளா? அவளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று இன்றைக்கே நர்சம்மாவிடம் கேளுங்கள்.