இணைப்பின் உறுதி



மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு ரயிலின் ஓசை அன்றாடத் துணை. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் இந்தியாவின் முதற் பயணிகள் வண்டி போரிபந்தரிலிருந்து தானாவுக்கு ஓடியதும் இந்நகரிலேதான். அவ்வண்டிகளைத் தாங்கும் தண்டவாளத்தின் இணைப்பைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இரு தண்டவாள முனைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஷ்பிளேட்டுகள் அணைக்கின்றன; நான்கு போல்ட்டுகள் அவற்றைப் பிணைக்கின்றன. இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் 1847இல் காப்புரிமை பெற்ற முறை இது.

பார்வைக்கு எளிது, கணக்குக்கோ அரிது. தண்டவாளத்தின் விறைப்பை அதன் உருவளவு கொண்டே கணிக்கலாம். இணைப்பு அத்தகையதன்று. இறுக்கிய போல்ட்டு இழுத்துப் பிடித்த வில்லை ஒக்கும். அவ்விழுப்பு தகடுகளை அழுத்த, அழுத்தத்தால் எழும் உராய்வே பிடிப்பைத் தருகிறது. சிற்றதிர்வில் தகடுகள் ஒட்டியே நிற்கும். பேரதிர்விலோ மயிரிழையளவு வழுக்கும். அப்போது விறைப்பு குறைகிறது. ஆயினும் அவ்வுராய்வே அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கித் தணிக்கவும் செய்கிறது. ஆகவே இணைப்பின் விறைப்பை ஒரே எண்ணால் உரைத்தல் இயலாது. வெவ்வேறு விசைகளில் வழுக்கத் தொடங்கும் பல உராய்வுக் கட்டைகளையும் சுருள்விற்களையும் சேர்த்து, 1966இல் ஐவன் என்னும் அறிஞர் ஒரு கணித மாதிரியை வகுத்தார். பொறியாளர்க்கு அஃது இன்றும் பயன்படுகிறது. குறுக்கே நேரும் அசைவே நட்டை விரைந்து தளர்த்தும் என்பதை 1969இல் யுங்கர் என்பார் சோதனையால் காட்டினார்.

தளர்ந்தால் நேர்வது யாது? சக்கரம் இடைவெளியைக் கடக்கையில் முனை தாழ்கிறது, அடி விழுகிறது, கீழுள்ள ஜல்லி குலைகிறது, குலையவே அடுத்த அடி இன்னும் வலுக்கிறது. அளவு மீறி இறுக்கினாலும் கேடே. 13 மீட்டர்த் தண்டவாளம் 30 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் நீளும். நீள இடமின்றேல் கோணும். எனவேதான் ஆண்டுக்கொருமுறை இணைப்பைக் கழற்றி மசகிட்டு மீண்டும் பூட்டுகின்றனர்.

இன்று பெருவழிகளில் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டனர். ஆயினும் தடம் பிரியும் இடங்களில் போல்ட்டுகள் நீங்கவில்லை. வெயிலென்றும் மழையென்றும் பாராது கீமேன் சுத்தியலும் ஸ்பானரும் ஏந்தித் தம் பகுதியை நாள்தோறும் நடந்து காண்கிறார். எத்தகைய கணிதமும் அவர் கைக்கு ஈடாகாது. தளர்ந்த நட்டைக் கணிதம் முடுக்காதன்றோ! வண்டியேறும் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கையிலும் உள்ளது. அவரை வழியிற் கண்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

நெல்லையும் தஞ்சையும் சேலமும் கூடிய நம் சங்கமும் போல்ட்டு இணைப்பே. அவரவர் சற்றே அசைய இடமும் வேண்டும். தளராத பிடிப்பும் வேண்டும். ஆண்டு விழா அப்பிடிப்பைச் சரிபார்க்கும் நாளாகுக.