பழைய மோட்டார் வண்டியின் பழுதறிதல்



வவுனியா நகரிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில் நெளுக்குளம் என்னும் ஊர் உள்ளது. இவ்வூரிலும் இதற்கு அப்பாலுள்ள கிராமங்களிலும் மோட்டார் வண்டி பகட்டுக்குரிய பொருளன்று. நள்ளிரவில் பிள்ளைப்பேற்று நோவெடுத்த பெண்ணை வவுனியா ஆசுபத்திரியிற் சேர்ப்பதற்கும், பாம்பு தீண்டிய கமக்காரனைக் கொண்டோடுவதற்கும், அயலவர் ஒருவர் வாடகைக்கு ஓட்டும் பழைய காரே பலவேளைகளில் துணையாகிறது. அந்தக் காரோ இருபது முப்பது ஆண்டுகளைக் கடந்தது. அதன் தூரமானி இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும், அன்றி எப்போதோ நின்றுபோயிருக்கும். அதனைத் தள்ளிவிட்டு வேறொன்றை வாங்குவதும் எளிதன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று. இருப்பதைப் பேணுவதன்றி வேறு வழியற்றோர் பலராயினர்.

இத்தகைய கார் ஒன்று ஒருநாட் காலையில் நடுங்கத் தொடங்குகிறது. சீராகத் துடித்த ஓசையில் இடையிடையே ஓர் அடி விழாமற்போகிறது. ஏற்றத்தில் இழுவை குன்றுகிறது. புகைக் குழாயில் எரியாத பெற்றோலின் மணம் வீசுகிறது. ‘எஞ்சின் மிஸ் பண்ணுகிறது’ என்பர் சாரதிமார். உடனே ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். பிளக்கை மாற்று என்பார் ஒருவர். கொயிலை மாற்று என்பார் மற்றொருவர். எஞ்சினையே இறக்கிப் பிரித்தாலன்றித் தீராது என்று தலையசைப்பார் மூன்றாமவர். மூவர் சொல்லையும் வரிசையாகக் கேட்டவர், கைப்பணம் கரைந்த பின்னரும் நடுங்கும் காருடனேயே நிற்பார். உறுப்பை மாற்றுவது வேறு. பழுதை அறிவது வேறு. இப்பேச்சு பின்னதைப் பற்றியது.

நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில், சுழல்தண்டு இரண்டு முறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிந்து உந்தவேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில், ஒரே சிலிண்டரில் ஒரு செக்கனுக்கு 25 தடவை இது நிகழ்கிறது. அத்தனை தடவையும் மூன்று காரியங்கள் பிழையாது கூடவேண்டும். பெற்றோலும் காற்றும் உரிய அளவிற் கலந்திருத்தல் ஒன்று. அக்கலவை கசியாமல் இறுக நெருக்கப்படுதல் இரண்டு. நெருக்கம் உச்சத்தை அணுகுங் கணத்தில் வலிய தீப்பொறி பாய்தல் மூன்று. இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் வாளாவிருக்கும். ஏனைய மூன்றும் அதனையுஞ் சேர்த்துச் சுமக்கும்.

எரிபொருள் தவறினால் எஞ்சின் என்ன பாடுபடும் என்பதை வடபகுதி மக்களுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியின் பெரும்பகுதியிலும் பெற்றோல் அருமருந்தாயிற்று. அப்போது மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அக்கார்களின் நெருக்கல் விகிதம் குறைவானதாலும், அவற்றின் அமைப்பு எளிமையானதாலும் இது இயன்றது. ஆயினும் அதற்கு விலையுங் கொடுக்க நேர்ந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, வளையங்களின் வழியே கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயையே நீர்க்கச் செய்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. அவற்றைக் கழற்றித் துடைப்பது அக்காலச் சாரதிக்குப் பல் துலக்குவதுபோல் நாளாந்தக் கடனாயிற்று. பிளக்கின் முகத்தைப் பார்த்தே எஞ்சினின் உள்ளத்தை அறியும் வித்தையை அவர்கள் வறுமையிற் கற்றார்கள். அந்த வித்தை இன்றும் பயன்படும்.

முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, எந்த உறுப்பு என்பதன்று, எப்பொழுது என்பது. மாரிமழைக் காலத்தில், ஈரமான விடியற்பொழுதில் மட்டும் நடுங்கிப் பின் வெயிலேறத் தெளியுமாயின், பிளக்குக்குச் செல்லும் கம்பிகளின் உறை வெடித்திருக்கக்கூடும். இருளில் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் நீலநிறப் பொறி வெளியே தாவுவது கண்ணுக்கே தெரியும். நன்கு சூடேறிய பின்னரே தவறுமாயின் கொயிலின்மேல் ஐயங்கொள்ளலாம். நிற்கும்போது நடுங்கி, வேகம் ஏற ஏறச் சீராகுமாயின், எங்கோ ஓர் இறப்பர்க் குழாய் பிளந்து கணக்கில் இல்லாத காற்றை உள்ளே விடுகிறது என்று கொள்ளலாம். பாரமேற்றி ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் தவறுமாயின் தீப்பொறி நலிந்திருத்தலோ எரிபொருள் போதாமையோ காரணமாகலாம். சாரதி ஒரு கிழமைக்கு இவற்றைக் குறித்துவைத்துச் சொல்வாராயின், திருத்துபவரின் வேலையிற் பாதி குறையும். இக்குறிப்புக்குச் செலவு ஒரு சதமும் இல்லை என்பதனாற்போலும் பலரும் இதனை மதிப்பதில்லை!

அடுத்து, தவறுவது எந்தச் சிலிண்டர் என்று அறியவேண்டும். நால்வர் பல்லக்குச் சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை விலக்கியதும் பல்லக்குச் சாயுமாயின் அவர் சுமந்தவர். சாயாதாயின் அவர் வெறுங்கையுடன் கூட நடந்தவர். டிஸ்றிபியூற்றர் உள்ள பழைய காரில், ஒவ்வொரு பிளக்கின் கம்பியாகச் சிறிது நேரம் விலக்கிப் பார்க்கும் வழக்கத்தின் தத்துவம் இதுவே. எதனை விலக்கியும் ஓசை மாறாதோ, அதுவே குற்றவாளி. ஆனால் அக்கம்பியில் ஓடுவது 20,000 வோல்ற்றுக்கு மேற்படலாம். பழக்கமில்லாதவர் அதனைத் தொடலாகாது. இருதயத்தில் மின்கருவி பொருத்தியவர் அருகில் நிற்பதும் தகாது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக்கொயில் உடைய பிற்காலக் கார்களில் இவ்வாறு ஓடும்போது விலக்குவது முறையன்று. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஐயத்துக்குரிய கொயிலை அடுத்த சிலிண்டரின் கொயிலோடு இடம் மாற்றிப் பார்த்தாற் போதும். பழுதும் கூடவே இடம் மாறுமாயின் கொயில் அகப்பட்டது. மாறாதாயின் கொயில் நிரபராதி.

இக்கார்களில் கணினிக் கருவியைப் பொருத்திக் குறியீடு வாசிக்கும் வசதியும் உண்டு. பி 0301 என்றால் முதலாஞ் சிலிண்டர். 0304 என்றால் நாலாவது. 0300 என்றால் ஒன்றில் நில்லாது பலவற்றில் தவறுகிறது என்பது பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குறியீடு நோயாளியின் கட்டில் இலக்கத்தைச் சொல்கிறதேயன்றி நோயின் பெயரைச் சொல்வதில்லை. முதலாஞ் சிலிண்டர் என்று கண்டவுடன் முதலாங் கொயிலை வாங்க ஓடுவது அறிவுடைமையன்று. முகப்பிலுள்ள எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் மட்டும் தாமதியாது வேகத்தைக் குறைத்து நிறுத்தவேண்டும். எரியாத பெற்றோல் புகைக் குழாயிற் சென்று எரிந்து, அங்குள்ள புகை சுத்திகரிக்கும் கருவியைச் சிதைத்துவிடும்.

குற்றவாளிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, மற்றவற்றோடு அருகருகே வைத்துப் பாருங்கள். இளங்கபிலமோ சாம்பலோ நிறமாயின் எரிதல் செம்மை. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அன்றித் தீப்பொறி நலிவு. வெண்மை பாரித்துக் கொப்புளித்திருந்தால் அளவுமீறிய வெப்பம். கரிய எண்ணெய் ஈரமாய்ப் பளபளத்தால் வளையமோ வால்வு முத்திரையோ தேய்ந்து எண்ணெய் ஏறுகிறது. எரிபொருளைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது கலன்களிலும் போத்தல்களிலும் சேமித்த பெற்றோல் பல வண்டிகளுக்குள் சென்றது. நீரும் துருவும் வடிகட்டியை அடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பது சிறு வேலை. நான்கு சிலிண்டரும் ஒருங்கே தள்ளாடும்போது முதலில் ஐயுறவேண்டியது அதனையே.

இனி, நெடுந்தூரம் ஓடிய காருக்கே சிறப்பாக உரிய சோதனைக்கு வருவோம். பிளக்கைக் கழற்றிய துவாரத்தில் ஒரு மானியைப் பொருத்தி, எஞ்சினைச் சுழலவிட்டு, நெருக்கலை அளப்பது அது. பல திருத்தகங்களில் இது கடைசிக்கு ஒதுக்கப்படுகிறது, உரிமையாளரும் வற்புறுத்துவதில்லை. அது தவறான சிக்கனம். புதிய காரிற் பிற்படுத்தலாம். இரண்டு இலட்சம் கிலோமீற்றர் கண்ட காரில், விலையுயர்ந்த எதனையும் வாங்குமுன் இதனைச் செய்தாகவேண்டும். வால்வு தீய்ந்த சிலிண்டருக்குப் பொன்னாற் பிளக்குச் செய்து பூட்டினாலும் அது எரியாது. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, அவ்வளவு தாழ்ந்ததாகவும் இல்லையாயின், எஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்று சொல்பவருக்கு ஆதாரம் இல்லை. அவரிடம் அந்த நான்கு எண்களையும் காட்டிக் காரணம் கேட்கலாம்.

ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், அச்சிலிண்டருள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அளவு உயர்ந்தால் தேய்ந்தது வளையம். எண்ணெய் சிறிது நேரம் அதன் இடைவெளியை அடைக்கிறது. உயராதாயின் கசிவு வால்விலோ காஸ்கற்றிலோ இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்தால் அவற்றுக்கிடையே காஸ்கற் கருகியிருத்தல் கூடும். வால்வு என்று தெரிந்தாலும் உடனே மனந்தளர வேண்டாம். வால்வின் இடைவெளி காலப்போக்கில் இறுகி, அது முற்றாக மூடாதிருக்கலாம். இடைவெளியைச் சீர்செய்து மறுபடி அளந்தபின்னரே எஞ்சின் தலையைக் கழற்றுவது பற்றிப் பேசவேண்டும். ஒரு பிற்பகல் வேலையாக முடிவதற்கும், பல கிழமை வருமானத்தை இழந்து கார் கராஜில் நிற்பதற்கும் இடையே உள்ளது இந்த ஓர் அளவுதான்.

பழுது நீங்கிய பிறகும் ஒரு சிறு வேலை எஞ்சுகிறது. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் பிளக்குகளை மீண்டும் கழற்றி நிறத்தைப் பார்க்கவேண்டும். முன்பு கழற்றிய பழைய பிளக்குகளை எறிந்துவிடாது, சிலிண்டரின் இலக்கத்தையும் தூரமானியின் அளவையும் கடதாசியில் எழுதிச் சுற்றி, ஒரு தகரப்பேணியில் இட்டு, காரின் பின்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.