மொட்டை மாடியில் காற்று யந்திரம்
(நெய்வேலியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சில வாரங்களுக்கு முன் நமது வட்டங்களில் ஒரு விற்பனையாளர் படப் புத்தகத்துடன் வீடு வீடாக வந்து போனார். மொட்டை மாடியில் நிறுத்தும் சிறு காற்று யந்திரம். "ஒரு கிலோவாட்" என்று விளம்பரம். ஓய்வு பெறப் போகும் தோழர்கள் சிலர், கிராஜுவிட்டிப் பணத்தில் இதை வாங்கலாமா என்று எங்களைக் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, இந்த டவுன்ஷிப்பின் மரங்கள் வேரோடு சாய்ந்ததை யார் மறப்பார்கள்? பல ஊர்களுக்கும் மின்சாரம் அனுப்பும் நமது மாவட்டமே இருளில் கிடந்தது. இத்தனை பலமுள்ள காற்றைப் பிடித்து வேலை வாங்க முடியாதா?

கணக்கைப் பார்ப்போம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. இத்தகைய யந்திரங்களின் மேல் எழுதியிருக்கும் கிலோவாட், பெரும்பாலும் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்துக்கு உரியது. இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் ஆடுகிற காற்றுக்கு வேகம் 4 மீட்டர்தான். அப்போது கிடைப்பது 37 வாட். உண்மையில் அதற்கும் குறைவு. ஒரு மின்விசிறிக்குப் பாதி! வேகத்தைச் சொல்லாமல் கிலோவாட்டைச் சொல்வது, படியைச் சொல்லாமல் அரிசி விலை சொல்வது மாதிரி.

"இங்கே காற்று விட்டு விட்டு வேகமாக வீசுகிறதே" என்றார் ஒரு தோழர். மிக நல்ல கேள்வி. பாதி நேரம் 2 மீட்டர், பாதி நேரம் 6 மீட்டர் என்று வீசினால் சராசரி 4தான். ஆனால் சக்தி, சீராக 4 மீட்டரில் வீசும் காற்றைவிட ஒன்றே முக்கால் மடங்கு. காகிதத்தில் லாபம்! யந்திரத்துக்கோ அது கைக்கு எட்டுவதில்லை. சக்கரம் வேகம் பிடிப்பதற்குள் வீச்சு அடங்கிவிடுகிறது. வால் திரும்புவதற்குள் திசை மாறிவிடுகிறது. வேப்ப மரத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் கீழே இருக்கும் நமது மாடியில் வருவது உடைந்து சுழன்ற காற்று. செங்குத்து அச்சு யந்திரங்களுக்குத் திசை தொல்லை இல்லை. ஆனால் அதே அளவில் அவை பொதுவாகக் குறைவாகவே தருகின்றன. புயலிலோ எந்த யந்திரத்தையும் நிறுத்திக் கட்டத்தான் வேண்டும்.

பிரிட்டனில் 2007-08-ல் கட்டடங்களின் மேல் 26 சிறு யந்திரங்களை வைத்து அளந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த நேரத்தையும் சேர்த்து, ஒரு யந்திரம் நாளொன்றுக்குத் தந்தது சராசரி 214 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. உயர்ந்த அடுக்கு மாடிகளில் வைத்தவை நன்றாகச் சுற்றின; ஆனால் சத்தம் பொறுக்காமல் குடியிருப்போர் நிறுத்தச் சொன்னார்கள். நமது வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தருகிறது.

காற்று மின்சாரமே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. நிலக்கரி தோண்டும் நமது நிறுவனமே தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில் 34 காற்றாலைகளை நிறுவியிருக்கிறது. மொத்தம் 51 மெகாவாட். ஏன் நெய்வேலியில் நிறுவவில்லை? மேற்கு மலைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றிப் பாய்வது அங்கேதான். காற்று இருக்கும் இடத்துக்கு யந்திரம் போக வேண்டும். யந்திரம் இருக்கும் இடத்துக்குக் காற்று வராது.

பள்ளிக்கரணையில் தேசிய காற்று சக்தி நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் அதன் சோதனை நிலையம் இருக்கிறது. விற்பனையாளர் மறுபடி வந்தால், சோதனைச் சான்று எங்கே, 4 மீட்டர் காற்றில் எத்தனை வாட், இந்த மாடியில் அளந்தாயிற்றா என்று கேளுங்கள். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.

அளப்பதை நாமே செய்யலாம். சந்தா போட்டு ஒரு காற்றுவேகமானி வாங்க உத்தேசித்திருக்கிறோம். ஓராண்டுக்கு மாடியில் இடம் தரக்கூடிய தோழர்கள், கூட்டம் முடிந்ததும் வட்ட எண்ணோடு பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.